அரங்கு யாருக்கு உரியது?

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பாடமாக நடத்தும் ஆசிரியர்கள் ஓரிடத்தில் சற்றே நின்று செல்வதுண்டு. மாதவி ஆடவிருக்கும் அரங்கினை இளங்கோவடிகள் கோல்கொண்டு அளந்து காட்டும் இடம் அது. பெருவிரல் இருபத்து நான்கு கொண்டது ஒரு கோல். அக்கோலால் அரங்கின் அகலம் 7, நீளம் 8, உயரம் 1. தூண்களின் மேலிட்ட உத்தரப் பலகைக்கும் அரங்கின் தளத்துக்கும் இடையே 4 கோல். வாயில் இரண்டு, எழினி மூன்று. மாணவர் இவ்வளவுகளைத் தேர்வுக்காக நெட்டுருப் போட்டுத் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுகின்றனர். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் அதே பகுதியில் மறக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. தூண்களின் நிழல் புறத்தே போய் விழுமாறு விளக்குகள் நிறுத்தப்பட்டன என்கிறார் அடிகள். நிழல் விழுந்தால் ஆடுபவளுக்கு ஆட்டம் கெடாது. காண்பவனுக்குக் காட்சி கெடும். ஆகவே அவ்வரங்கை அமைத்த நூல்வல்லோர், அதனை முன்வரிசையில் அமர்ந்திருப்பவனின் கண்ணைக் கொண்டும் பார்த்திருக்கின்றனர் என்பது பெறப்படும்.

அவர்கள் மனத்திற்கொண்ட காண்பவன் யார்? இரு கண்ணும் இரு செவியும் குறைவின்றி வாய்த்தவன். தன் கால்களால் நடந்துவந்து அமர்பவன். ஆட்டம் முடியும்வரை அசையாது இருக்கக் கூடியவன். அக்காலத்துக்கு அவ்வளவே இயன்றது எனலாம். நம் காலத்துக்கு அவ்விடை போதுமா என்பதே இக்கட்டுரையின் வினா. கண்ணில்லாதவர், செவி கேளாதவர், சக்கர நாற்காலியில் இயங்குபவர், கூட்டத்திலும் ஒலியிலும் மனம் கலங்கும் இயல்பினர் ஆகியோர் நாடக அரங்குக்கு வருவதற்கு வழிசெய்தல் நாம் அவர்களுக்குக் காட்டும் இரக்கமா, அல்லது அவர்களுக்கு நாம் பட்ட கடனா?

இவர்களைக் குறிக்கும் சொல்லிலேயே நமக்குத் தடுமாற்றம் இருக்கிறது. குருடர், செவிடர், நொண்டி என்ற பழைய சொற்கள் வசையாகிவிட்டன. ஊனமுற்றோர் என்றனர் பின்னர். மு. கருணாநிதி தமிழக முதலமைச்சராய் இருந்த 2006–2011 காலப்பகுதியில் மாற்றுத்திறனாளி என்ற சொல் அரசு வழக்கிற்கு வந்து, கடல் கடந்து இங்கும் பரவியது. மலேசியாவில் அரசு அட்டையில் உள்ள ‘ஓராங் குராங் உபாயா’ என்ற தொடரைச் சுருக்கி ஓ.கே.யு. என்றே நம்மவர் பேசிக்கொள்கின்றனர். மாற்றுத்திறனாளி என்பது கேட்பதற்கு இனிய சொல்லே. ஆனால் நாடகம் பார்க்க வந்த ஒருவர் தம்மிடம் வேறு திறன் ஏதேனும் உண்டென்று மெய்ப்பித்தாக வேண்டுமா? செவி கேளாத முதியவருக்கு வேண்டுவது வசனம் எழுதிய பலகை; பாராட்டன்று. எனவே இக்கட்டுரையில் இயன்றவரை இன்னது இல்லாதவர் என்று நேராகவே குறிப்பிடுகிறேன்.

சட்டத்தின் நிலையை முதலிற் சொல்லிவிடலாம். சிங்கப்பூரில் கட்டடங்களைத் தடையின்றி அணுகுவதற்கான விதித்தொகுப்பு 1990-ஆம் ஆண்டில் வந்தது. மலேசியாவில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் 685, பண்பாட்டு வாழ்விலும் உடற்குறையுடையோர்க்குப் பங்குண்டு என்று தனிப்பிரிவாகவே கூறுகிறது. மலேசியச் சைகை மொழியையும் அச்சட்டம் ஏற்கிறது. ஆயின் மீறுவோர்க்குத் தண்டனை எதனையும் அது வகுக்கவில்லை என்ற குறை, இயற்றப்பட்ட நாள்தொட்டே எடுத்துரைக்கப்பட்டு வந்தது. ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் 30-ஆம் விதி நாடக அரங்குகளைப் பெயர் சுட்டியே பேசுகிறது. அவ்வுடன்படிக்கையை மலேசியா 2010-இலும் சிங்கப்பூர் 2013-இலும் உறுதிசெய்தன. மலேசியா அப்பொழுது ஓர் அறிவிப்பையும் சேர்த்தது: 30-ஆம் விதி கூறும் உரிமையை ஏற்பது உள்நாட்டுச் சட்டத்தின் பாற்பட்டது என்று தான் பொருள்கொள்வதாக. பள்ளிக்கூடம், மருத்துவமனை போன்றவற்றில் கடமை என்பதை ஒப்புக்கொள்ளும் உலகம், கலை என்று வரும்போது மட்டும் சற்றுத் தயங்குகிறது. கலையை மிகுதிப்பொருள் என்று எண்ணும் மனப்பான்மையே அத்தயக்கத்தின் வேர்.

திருவள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் இரண்டு அதிகாரங்களாகப் பிரித்து, ஒப்புரவை முன்னும் ஈகையை அதன் பின்னும் வைத்தார். ஈகை என்பது இல்லாதவன் கையில் உள்ளவன் இடுவது. அங்கே இடுபவன் மேலே நிற்பான். பெறுபவன் கீழே நிற்பான். ஒப்புரவுக்கு அவர் காட்டும் உவமையோ ஊருணி. ஊருணியில் நீர் மொண்டு செல்பவள் யாருக்கும் நன்றி கூறுவதில்லை; அது ஊரின் நீர். அரங்கும் அத்தகையது என்பது என் துணிபு. அரசின் மானியத்தாலும் வரிப்பணத்தாலும் எழுந்த அரங்குகள் நம் நாடுகளிற் பல. அந்த வரியைச் செலுத்தியோருள் கண்ணில்லாதவரும் இருக்கின்றனர். ஊருணியைச் சுற்றிப் படி மட்டுமே கட்டி, படியிறங்க இயலாதவளுக்கு இரக்கப்பட்டு ஒருகுடம் மொண்டு கொடுப்பது ஈகையாகலாம். சரிவுப்பாதை ஒன்று அமைத்துவிட்டால் அந்த ஈகைக்குத் தேவையே எழாது.

இதற்கு எழும் முதல் மறுப்பு அறிவுடையோர் வாயிலிருந்தே வருவதால் அதனை மதித்து ஆராய வேண்டும். நாடகம் காண்கலை, காணாதவர்க்கு அதனை எவ்வாறு அளிப்பது? அளித்தாலும் அவர் பெறுவது நாடகம்தானா? நூலை உரக்கப் படித்தால் போதாதா? வானொலி நாடகம் இல்லையா?

மகாபாரதத்தை நினைத்துப் பார்ப்போம். போர் தொடங்குமுன் வியாசர் திருதராட்டிரனிடம் வந்து, போரைக் காணக் கண் தருகிறேன் என்கிறார். தன் குலத்தோர் மடிவதைக் கண்ணாற் காண விரும்பாத அவன் அதனை மறுத்து, நிகழ்வதைக் கேட்டறிய மட்டும் விரும்புகிறான். உடனே சஞ்சயனுக்குத் தொலைவிற் காணும் ஆற்றல் வாய்க்கிறது. பதினெட்டு நாட் போரும் நம் காதில் விழுவது சஞ்சயன் வாய்மொழியாகத்தான். அதாவது அப்பெருங்காப்பியத்தின் உயிர்நிலையான பகுதி, கண்ணில்லாத ஒருவனுக்குக் கண்ணுள்ள ஒருவன் கூறிய வருணனையாகவே அமைந்துள்ளது. அதனால் அதன் சுவை குறைந்ததென்று யாரும் சொன்னதில்லை. சொல் காட்சியைத் தாங்கும் என்பதை நம் முன்னோர் ஐயமற அறிந்திருந்தனர்.

தெருக்கூத்தை எடுத்துக்கொண்டால் இச்செய்தி இன்னும் தெளிவாகும். வேடமிட்டவன் களத்துக்கு வருமுன் இருவர் திரை பிடிப்பர். திரைக்குப் பின்னிருந்தே அவன் தன் பெருமையையும் கோலத்தையும் பாடுவான். கட்டியக்காரன் வந்தவர் யார் என்று கேட்பான். எந்த நாட்டு மன்னன், யாருடைய மகன், எதற்காக வந்தான் என்றெல்லாம் விடை வரும். தீப்பந்த ஒளியில் நெடுந்தொலைவில் அமர்ந்தவனுக்குக் கோலம் தெளிவாகத் தெரியாது என்பதற்காகவும் எழுந்த மரபாக இது இருக்கலாம். எதற்காக எழுந்திருப்பினும், அம்மந்தையின் ஓரத்தில் பார்வையற்ற கிழவி ஒருத்தி அமர்ந்திருந்தால் களத்துக்கு வந்தது யார் என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும். மலாயாத் தோட்டங்களில் லயன் வீடுகளின் முன்னே இரவெல்லாம் நடந்த கூத்துகளிலும் காமன் கூத்திலும் இம்மரபு தொடர்ந்தது. பின்னாளில் மண்டபத்துக்குள் புகுந்து, மேனாட்டு இயல்பு நாடகத்தைப் பின்பற்றி, ‘நான் இன்னார்’ என்று பாத்திரம் கூறுவது செயற்கை என்று நாமே கட்டியக்காரனைக் களைந்தோம். கலைநயம் கருதிச் செய்தது அது. அதனோடு சிலரை வெளியே அனுப்பியதை நாம் கவனிக்கவில்லை.

மேனாட்டில் அக்கட்டியக்காரன் வேறு வடிவில் மீண்டான். 1981-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் அரீனா ஸ்டேஜ் என்னும் நாடக அரங்கில், பெர்னார்ட் ஷாவின் ‘மேஜர் பார்பரா’ நாடகத்துக்குப் பார்வையற்றோர்க்கான ஒலி வருணனை சேர்க்கப்பட்டது. தாமே பார்வையை இழந்தவரான மார்கரெட் ஃபான்ஸ்டீலும் கோடி ஃபான்ஸ்டீலும் அம்முறையை வகுத்துப் பிறர்க்கும் பயிற்றுவித்தனர். முறை எளியது. அரங்கின் பின்புறத்துச் சிற்றறையில் வருணிப்பவர் ஒலிவாங்கியுடன் அமர்வார். கேட்பவர் ஒரு காதில் மட்டும் சிறு கேட்பொறியை அணிவார். மறுகாது மேடைக்கு உரியது. ஒருவர் பேசி முடித்து மற்றவர் பேசத் தொடங்குமுன் உள்ள இடைவெளியில் இரண்டு மூன்று நொடிக்குள் வருணனை அமைய வேண்டும். நாடகம் தொடங்குமுன் பார்வையற்றோரை மேடைக்கே அழைத்துச் சென்று, ஆடைகளையும் பொருள்களையும் தொட்டுப் பார்க்கச் செய்வதும் உண்டு. இத்தனை அடி நடந்தால் வாயில், இங்கே நாற்காலி, இதுவே இரண்டாங்காட்சியில் முறியப்போகும் வாள் என்று கையால் அறிந்தவர்க்குப் பின்னர்க் காதில் விழும் ஒவ்வோர் அடியோசையும் இடம் காட்டும்.

வருணிப்பவர்க்குச் சொல்லப்படும் முதல் விதி, கண்டதைச் சொல், பொருள் கூறாதே என்பது. ‘அவன் வருந்துகிறான்’ என்பதை விடுத்து ‘தோள் தொய்ந்தது, கடிதத்தை மடிக்கிறான்’ என்று சொல்ல வேண்டும். வருத்தத்தைக் கேட்பவர் தாமே உணர்ந்துகொள்வார். (இவ்விதிப்படி பார்த்தால் நம் சஞ்சயன் தேர்வில் தேறமாட்டான். போரை வருணிக்கும்போதே, இவ்வளவுக்கும் காரணம் நீயே என்று அரசனை இடித்துரைப்பவன் அவன்.) இவ்விதி கூறுவதற்கு எளிது. மேடையில் ஒரே நேரத்தில் பத்துச் செயல்கள் நிகழும்போது இரண்டு நொடியில் எதைச் சொல்வது, எதை விடுவது? தேர்ந்தெடுப்பதே பொருள்கூறல் அன்றோ? ஆம். எனவே பார்வையற்றவர் பெறுவது முற்றிலும் அதே நாடகம் என்று யாரும் சாதிக்க வேண்டியதில்லை. ஆனால் கண்ணுள்ளவரில் இருவர் ஒரே நாடகத்தைக் காண்கிறார்களா? தூணருகே அமர்ந்தவர் ஒன்றைக் காண்கிறார். நடுவில் அமர்ந்தவர் மற்றொன்றைக் காண்கிறார். தாயை அண்மையில் இழந்தவர் மேடைத்தாயின் சாவை வேறாகக் காண்கிறார். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தார். கண்ணீரும் மெய்சிலிர்ப்பும் காண்பவன் மேனியிலும் தோன்றவே கூத்துச் சுவை நிறைவுறும் என்பது நம் மரபு. அங்ஙனமாயின் கண் என்பது ஒரு வாயில். சுவை நிகழுமிடம் அதுவன்று. வேறொரு வாயிலால் அவ்விடத்தை அடைந்தவரை, நீ வந்தது நாடகத்துக்கன்று என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

வானொலி நாடகம் போதாதா என்பதற்கும் இங்கேயே விடையுண்டு. வானொலியைத் தனியே கேட்கிறோம். அரங்கிலோ முந்நூறு பேர் ஒரே கணத்தில் மூச்சை அடக்குவதைக் கேட்கிறோம். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியை அறிந்தோர்க்கு இது நன்கு விளங்கும். 1951-இல் தோன்றிய பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதால் பார்வையற்ற மக்கள் பலர் அப்பகுதியில் வாழ்கின்றனர். உடல் பிடித்துவிடும் தொழில் செய்கின்றனர். வெள்ளைக் கோலூன்றி நடைபாதையின் மஞ்சள் தடவரிகளைப் பற்றிச் செல்கின்றனர். இசைக்கும் நடனத்துக்கும் நாட்டிய நாடகத்துக்கும் பேர்பெற்ற நுண்கலைக் கோயிலும் அதே பிரிக்பீல்ட்ஸில்தான் உள்ளது. ஒரே வட்டாரத்தில் வாழும் இவ்விரு மக்களும் ஓரரங்கில் அருகருகே அமர்வதற்குத் தடையாயிருப்பது தொலைவன்று.

தமிழ் நாடகத்துக்கு ஒலி வருணனை எழுதுவதில் ஒரு வசதியும் ஓர் இடரும் உண்டு. நம் நாடகங்களில் பேச்சு மிகுதி, செயல் குறைவு என்று திறனாய்வாளர் குறைகூறுவர். பார்வையற்றவர்க்கு அக்குறையே துணையாகிறது. ஆனால் பேச்சுக்கிடையே மூச்சுவிடும் இடமும் இல்லாததால் வருணிப்பவர்க்கு நொடி கிடைப்பதில்லை.

இனிச் செவி கேளாதவர் நிலை. இங்கே நம் மொழிக்கே உரிய துன்பம் ஒன்று இருக்கிறது. அதனைத் தமிழாசிரியர்கள் சிந்திக்க வேண்டும். பினாங்கில் செவிப்புலன் அற்றோர்க்கான கூட்டரசுப் பள்ளி 1954-இல் தொடங்கியது. அத்தகைய பள்ளிகளில் பயிலும் தமிழ்க் குழந்தைக்கு மலேசியச் சைகை மொழியும் மலாய் எழுத்தும் கிடைக்கும். சிங்கப்பூராயின் அங்குள்ள சைகை மொழியும் ஆங்கிலமும் கிடைக்கும். வீட்டில் தாயும் பாட்டியும் பேசும் தமிழோ அதன் செவியிலும் புகாது, பெரும்பாலும் ஏட்டிலும் புகாது. தமிழ் நாடகத்துக்குத் தமிழில் வசன வரி ஓட்டினாலும் அப்பிள்ளை அதனைப் படிக்க இயலாது. அதற்கு வேண்டியவர், மேடைத் தமிழைக் கேட்டு அந்நாட்டுச் சைகை மொழியில் மாற்றவல்ல ஒருவர். சைகை மொழி என்பது மலாயையோ ஆங்கிலத்தையோ கையாற் பேசுவதன்று. தனக்கென இலக்கணம் கொண்ட தனிமொழி. அதனையும் தமிழையும் ஒருங்கே கற்றோர் எளிதிற் கிடைப்பாரல்லர். தமிழ் கற்பிக்கும் நாம், நம் மாணவரில் சிலரை அத்துறைக்கு ஆற்றுப்படுத்தியிருக்கிறோமா? மொழிபெயர்ப்பாளர் என்றதும் நூலும் நீதிமன்றமும் நினைவுக்கு வருகின்றன. கையால் மொழிபெயர்ப்பவர் நினைவுக்கு வருவதில்லை.

பிறவியிலேயே கேளாதவரைவிட மிகப் பெருந்தொகையினர், முதுமையால் செவி மங்கியவர். இவர்கள் நன்கு தமிழ் படித்தவர்கள். நம் நாடகங்களின் பழைய சுவைஞர்கள். பலர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். ‘சத்தம் தெளிவாக இல்லை’ என்று ஒலிபெருக்கி மேல் பழிபோட்டுவிட்டு, அடுத்த முறை வராமல் நின்றுவிடுவர். இவர்களுக்கு ஆகவேண்டியது பெரிதன்று. அரங்கைச் சுற்றிக் கம்பிவளையம் ஒன்றைப் பதித்தால், செவிப்பொறியை அதற்குரிய நிலையில் திருப்பியவர்க்கு மேடையொலி இரைச்சலின்றி நேரே காதில் விழும். மற்றொரு வழி வசன வரி. சிங்கப்பூரில் மேடையேறும் தமிழ் நாடகங்கள் பலவற்றில் ஆங்கில வரிகள் திரையில் ஓடுவதைக் காண்கிறோம். தமிழறியாதார்க்காகச் செய்த ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடே. திரை இருக்கிறது, கருவி இருக்கிறது, வரியை நகர்த்த ஓர் ஆளும் இருக்கிறார். அதே திரையில் ஆங்கிலத்துக்கு மேலே தமிழும் ஓடினால் முன்வரிசை முதியவர் நாடகத்தை இழக்கமாட்டார். தமிழறியாத விருந்தினர்க்கு நாம் காட்டும் கருத்தைத் தமிழறிந்த தந்தையர்க்குக் காட்டத் தவறுகிறோம். அவ்வரிகளைப் பேச்சுவழக்கில் எழுதுவதா எழுத்துவழக்கில் எழுதுவதா என்று ஒரு சண்டை நம்மிடையே கட்டாயம் எழும். எழட்டும், மேடையில் பேசியதையே எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

எல்லாவற்றினும் கடினமான வினா இனி வருவது. கண், செவி, கால் ஆகியவற்றின் குறைக்கு ஏற்பாடு செய்தால் பிறர்க்கு இடையூறில்லை. ஆனால் அமைதியாய் இருக்க இயலாதவர் வந்தால்? மதியிறுக்கம் எனப்படும் ஆட்டிசம் உடைய சிறுவன் எழுந்து நிற்பான், கைதட்டுவான், குரலெழுப்புவான். அவனைச் சேர்த்துக்கொண்டால், அமைதியை விரும்பிப் பணம் கொடுத்து வந்தவர் உரிமை என்னாவது? இங்கே ஒருவர் நலம் மற்றொருவர் நலத்தோடு மெய்யாகவே மோதுகிறது. அதனை மறைத்துப் பேசுவது நேர்மையன்று.

முதலில் ஒன்றை நினைவுகொள்ள வேண்டும். இருளில் வாய்பொத்தி அமர்வது நாடகத்தின் இயல்பன்று, அண்மைக்கால வழக்கம். ஜெர்மனியில் வாக்னர் 1876-இல் திறந்த பைராய்ட் அரங்கில் அவையின் விளக்குகளை இருளச் செய்தார். அது போன்றவற்றால் பரவிய ஒழுங்கு இது. நம் கூத்துக் களத்தில் குழந்தை பாயில் உறங்கி எழுந்து அழுதது. கிழவர் வெற்றிலை இடித்தார். இடையே எழுந்துபோய்த் தேநீர் அருந்தி வந்தவரும் உண்டு. கூத்து அதனால் கெடவில்லை. கூத்தர் அதற்கேற்பக் குரலும் நயமும் கொண்டிருந்தனர். எனினும், பைராய்ட் இருளுக்கும் பயனுண்டு. மெல்லிய குரலில் உள்ளத்தை உரைக்கும் நாடகம் அவ்வமைதியில்தான் பிறந்தது. அதனை இழக்க நான் விரும்பமாட்டேன்.

மேனாட்டார் இதற்குக் கண்ட வழி தளர்நிலைக் காட்சி. 2011-ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கின் பிராட்வேயில் ‘லயன் கிங்’ நாடகம் ஆட்டிசம் உடையோர்க்கும் குடும்பத்தார்க்கும் என்றே ஒருமுறை நடத்தப்பட்டது. திடுக்கிடச் செய்யும் ஒலிகளும் கண்பறிக்கும் ஒளிகளும் தணிக்கப்பட்டன; மனம் கலங்கினால் ஒதுங்க வெளியே அமைதியிடம் இருந்தது; எழுந்து நடக்கலாம், குரலெழுப்பலாம். பெற்றோர் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

தனிக்காட்சி என்பது ஒதுக்கிவைப்பதன் மறுவடிவம் ஆகாதா என்று வினவுவோர் உண்டு. அவர்கள் வினாவுக்கு ஜெஸ் தாம் என்னும் ஆங்கிலக் கலைஞரின் வரலாறு வலுவூட்டுகிறது. தம்மை அறியாமல் உடல் துடித்துச் சொற்கள் வெளிப்படும் டூரெட் நிலை அவருக்கு உண்டு. 2011-இல் ஒரு நிகழ்ச்சிக்குச் சென்றபோது, தொடங்குமுன் அவரை அவைக்கு அறிமுகம் செய்தும், பிறர் முறையிட்டதால் இடைவேளைக்குப்பின் ஒலியமைப்பு அறைக்குள் அமருமாறு வேண்டப்பட்டார். அவமானத்தால் அழுதவர், இனி அரங்குக்கே செல்வதில்லை என்று எண்ணிப் பின்னர் மனம் மாறி, தம்மை யாரும் எழுப்ப இயலாத ஓரிடம் அரங்கில் உண்டு, அது மேடை என்று கண்டு, 2014-இல் எடின்பரோவில் தம் நாடகத்தோடு மேடையேறினார். அவர் வேண்டுவது தனிநாள் அன்று. எல்லா நாளிலும் இடம். என் நெஞ்சம் அவர்பக்கமே சாய்கிறது. ஆயினும், மகனை ஒருநாளும் அரங்குக்கு அழைத்துச் செல்லத் துணியாத தாய்க்குத் தனிக்காட்சி முதல் துணிவைத் தருகிறது என்பதையும் தள்ள இயலவில்லை. அமைதியே உயிரான நாடகம் சில நாள் அமைதியாகவும் சில நாள் தளர்வாகவும் நடக்கலாம். பள்ளிச் சிறுவர்க்கான நாடகமும் நகைச்சுவை நாடகமும் எந்நாளும் தளர்வாகவே நடப்பதற்குத் தடை என்ன?

அரங்குக்குள் அழைத்துவந்த பின் அவர்களுக்கு எதைக் காட்டுகிறோம் என்பதும் இவ்வறத்தின் பகுதியே. தமிழ் மேடையின் நகைச்சுவையில் நெடுங்காலம் நிலைபெற்ற மூவர் உளர்: சொன்னதை வேறாகக் கேட்டு விடையிறுக்கும் காது கேளாதவன், திக்குபவன், காலைச் சாய்த்து நடப்பவன். இம்மூவரும் வந்தால் சிரிப்பு உறுதி என்பது நாடகமெழுதுவோர் கணக்கு. காது கேளாத முதியவருக்காக வசனப் பலகையும் வைத்து, அப்பலகையில் காது கேளாதவனை எள்ளும் வசனத்தையும் ஓட்டினால், அவர் மனம் என்ன பாடுபடும்? உடற்குறை பற்றிச் சிரிக்கவே கூடாது என்பதன்று. அக்குறையுடையோர் தம் வாழ்வைத் தாமே எழுதி நடித்துச் சிரிக்கவைக்கும்போது அச்சிரிப்பின் தன்மை மாறிவிடுகிறது. இங்கிலாந்தில் 1980-இல் நபில் ஷபானும் ரிச்சர்ட் டாம்லின்சனும் தொடங்கிய கிரேயே நாடகக்குழு உடற்குறையுடைய நடிகரைக் கொண்டே இயங்கி வருகிறது. சைகை மொழியையும் வருணனையையும் புறத்தே ஒட்டவைக்காமல் நாடகத்தின் உறுப்பாகவே அமைப்பது அக்குழுவின் நெறி. கட்டியக்காரனை அறிந்த நமக்கு அது புதிதன்று. சிங்கப்பூரிலும் 2018-இல் கேய்ட் ஓ’ரைலி எழுதிய தனிமொழி நாடகத் தொகுப்பு ஒன்று அந்நாட்டு உடற்குறையுடைய கலைஞரால் நடிக்கப்பெற்றது. 2019-இல் ஆலி ஸ்ட்ரோக்கர் என்னும் நடிகை டோனி பரிசு பெற்றார். சக்கர நாற்காலியில் இயங்குவோரில் அப்பரிசைப் பெற்ற முதல்வர் அவரே. பரிசளிப்பு நடந்த பெருமண்டபத்தில் அவையிலிருந்து மேடைக்கு ஏறச் சரிவுப்பாதை இல்லாமையால் அவர் மேடைக்குப் பின்னே காத்திருக்க வேண்டியதாயிற்று. நம் சமூக மண்டபங்கள் பலவற்றிலும் மேடைக்குப் பக்கவாட்டில் நான்கைந்து படிகளே உள்ளன. பரிசு வாங்க ஏறிவரும் பிள்ளை நடந்துதான் வரும் என்பதை அப்படிகள் முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகின்றன. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளச் சரிவு என்பது கட்டடக் கலைஞர் அறிந்த கணக்கு. நான்கு படிக்கு ஏறத்தாழ இருபத்தைந்தடிப் பலகை. அவ்வளவே.

செலவு என்னாகும் என்பர் பொருளாளர். அவர்கள் கவலை பொய்யன்று. சங்க நாடகங்களின் வரவு செலவை நானும் அறிவேன்; மண்டப வாடகை போக மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஆனால் செலவு என்ற சொல்லை நாம் ஒருபுறம் மட்டும் பயன்படுத்துகிறோம். மெத்தை நாற்காலி எதற்கு? இரண்டு மணி நேரம் நிற்க இயலாத நம் கால்களுக்காக. ஒலிபெருக்கி எதற்கு? கடைசி வரிசைக்கு எட்டாத நம் செவிக்காக. குளிர்சாதனமும் விளக்கும் அவ்வாறே. உடம்பின் குறைகளுக்குச் செய்த ஏற்பாடுகளின் நடுவேதான் நாம் எல்லாரும் அமர்ந்திருக்கிறோம். பெரும்பான்மையோர்க்கு உரியதாதலால் அவற்றைச் செலவு என்று யாரும் முணுமுணுப்பதில்லை. சக்கர நாற்காலியில் வருபவரோ தம் இருக்கையைத் தாமே கொண்டுவருகிறார். அவரைக் கடைக்கோடியில் நிறுத்தி, உடன்வந்த மனைவியை வேறு வரிசைக்கு அனுப்புகிறோம். நடுவரிசையில் நான்கு நாற்காலிகளைக் கழற்றி வைப்பதற்கு நிதி எதுவும் வேண்டியதில்லை.

பள்ளிகளில் நாடகப் போட்டிகள் நடக்கின்றன. நடிப்புக்கும் உச்சரிப்புக்கும் ஒப்பனைக்கும் மதிப்பெண் இடுகிறோம். ஒவ்வொரு குழுவிலும் மேடையேறாத ஒரு மாணவருக்கு வருணிக்கும் பொறுப்பைத் தந்து, அதற்கும் மதிப்பெண் இடலாம். அண்மையிலுள்ள பார்வையற்றோர் சிலரை அழைத்து அவர்களையே நடுவராக்கலாம். தமிழாசிரியர் எதிர்பாராத பயனொன்றும் இதில் உண்டு. வருணனை எழுதும் பயிற்சியைப் போல் சொற்சுருக்கம் கற்பிக்கும் பயிற்சி வேறில்லை.

மாணவி ஒருத்தி பாண்டியன் அவைக் காட்சியை வருணிக்க அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். கண்ணகி சிலம்பை உடைக்கிறாள். அதனுள்ளிருந்து மணி தெறிக்கிறது. மன்னன் அதனைக் கண்டு தன் சிலம்பில் இருந்தது முத்து என்பதை உணர்ந்து நடுங்கும்வரை மேடையில் பேச்சில்லை. மூன்று நொடி இருக்கலாம். ‘மாணிக்கம்’ என்ற சொல்லை அவள் எப்பொழுது சொல்வது? மணி தெறித்த உடனே சொன்னால், மன்னனுக்கு முன்னே கேட்பவர் உண்மையை அறிந்துவிடுவார். அவன் முகம் மாறிய பின் சொன்னால், கண்ணுள்ளோர் முன்பே கண்டதைக் கண்ணில்லாதார் பிந்திப் பெறுவர். மணி உருண்டு நிற்க எத்தனை நொடி ஆகும் என்று அவள் நடிப்பவளைக் கேட்க வேண்டும். சற்று மெல்ல எறியுமாறு இயக்குநரையும் கேட்க வேண்டியிருக்கும். ஒத்திகையில் முன்வரிசையில் ஒரு பார்வையற்றவரை அமர்த்தி இருவிதமாகவும் சொல்லிப் பார்த்து, எது சரி என்று அவரையே கேட்கலாம்.